பாடச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள்: இசை சிகிச்சைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு மேற்பார்வை ஓர் உரிமை

திருவண்ணாமலை செங்கம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். ஒலி சிகிச்சை, மந்திர சிகிச்சை, கிண்ணத்தைத் தட்டி மனத்தை ஆற்றும் சிகிச்சை என்று விதவிதமான பலகைகள் கண்ணில் படும். பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கும் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்களுக்கும் கடை விரித்திருக்கிறார்கள். "உனக்கு யார் கற்றுத்தந்தது?" என்று அவர்களிடம் கேட்க ஆளில்லை. "நீ செய்வது நோயாளிக்கு நல்லதா கெட்டதா என்று உடனிருந்து பார்த்துச் சொல்ல உனக்கு யார் இருக்கிறார்?" என்ற இரண்டாவது கேள்வி யாருக்கும் தோன்றுவதே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. இதில் தலித் அரசியலுக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். இசை சிகிச்சை இப்போது படிப்பாகவும் வேலையாகவும் வளர்ந்து வருகிறது. பறையும் பம்பையும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இடம் கிடைப்பதைப் பற்றி மட்டும் பேசினால் பாதி வழியில் நின்றுவிடுவோம். உள்ளே போன பிறகு அவர்களுடன் யார் இருக்கப்போகிறார்கள் என்பதையும் பேசியாக வேண்டும்.

முதலில் இசை சிகிச்சை என்றால் என்னவென்று தெளிவாக்கிக்கொள்வோம். இந்த நோய்க்கு இந்த ராகம் என்று ஞாயிறு இணைப்பில் வரும் பட்டியல் அல்ல அது. பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் பலருக்குப் பேச முடியாத சொல்லைப் பாட முடிகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, மெட்டின் வழியாகப் பேச்சை மீட்கும் முறையை 1973இல் பாஸ்டன் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் தாளத்தால் பேசுவது, மறதி நோய் வந்த முதியவருடன் பழைய பாட்டில் சேர்ந்துகொள்வது, சாகும் தறுவாயில் இருப்பவரின் மூச்சுக்கு இசைந்து பாடுவது எல்லாம் இந்த வேலையில் அடங்கும். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டுப் போவது சிகிச்சை ஆகாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து, இசையின் வழியாக ஓர் உறவை உண்டாக்கி, அந்த உறவுக்குப் பொறுப்பேற்கிறார். அதுதான் சிகிச்சை.

அமெரிக்காவில் இதற்கான முதல் பட்டப்படிப்பு 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் தொடங்கியது. நமக்கு அருகில், புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இசை சிகிச்சைக்கென்றே கல்வி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சுமதி சுந்தர் அதைக் கட்டியெழுப்பியவர். திருவண்ணாமலையில் இருந்து பார்த்தால் சுமார் நூறு கிலோமீட்டர். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் படித்துவிட்டுத் திரும்பி வந்து இந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு அந்த நூறு கிலோமீட்டர் ரொம்ப தூரமாகிவிடும்.

மேற்பார்வை என்ற சொல்லே நம் மக்களுக்குக் கசக்கும். ஆலைக்குப் போகும் நம் பெண்களுக்கு சூப்பர்வைசர் என்றால் கழிப்பறைக்குப் போய்வந்த நிமிடத்தைக் கணக்குப் பார்ப்பவர். செங்கல் சூளையில் அவர் மேஸ்திரி. இருவரும் வேலை வாங்கத்தான் நிற்கிறார்கள். சிகிச்சைத் துறையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ, சிகிச்சையாளர் தன் வேலையை அனுபவம் உள்ள இன்னொருவர் முன் கொண்டுவந்து வைக்கிறார். நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த பத்து நிமிட ஒலியை இருவரும் கேட்கிறார்கள். ஏன் அந்த இடத்தில் பாட்டை நிறுத்தினாய், அவர் அழுதபோது உனக்குள் என்ன நடந்தது, நீ பாடியது அவருக்காகவா உன் பதற்றம் அடங்கவா என்று பேசுகிறார்கள். இதனால் நோயாளிக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. சிகிச்சையாளரும் உடைந்துபோகாமல் இருக்கிறார்.

இது சும்மா நல்லெண்ணத்தில் நடக்கும் காரியம் இல்லை. அமெரிக்காவில் இசை சிகிச்சை மாணவர் 1,200 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் நோயாளிகளுடன் பயிற்சி பெற வேண்டும். பிரிட்டனில் அரசின் சுகாதாரத் தொழில் பதிவேட்டில் பெயர் இல்லாத எவரும் தன்னை இசை சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் ஓவியம், நடனம், உடலசைவு ஆகியவற்றால் சிகிச்சை தருபவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இசை சிகிச்சையாளர் என்ற பெயர் அதில் இல்லை. பெயரே இல்லாத தொழிலில் மேற்பார்வையை யார் கட்டாயமாக்குவார்? எல்லாம் அவரவர் மனச்சாட்சிக்கும் பணவசதிக்கும் விடப்பட்டிருக்கிறது. அப்படி விடப்படும் எதுவும் கடைசியாகத்தான் நம் தெருவுக்கு வரும் என்பது நாம் அறியாததா?

மேற்பார்வை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க முடியாது. ஸ்டோல்டன்பெர்க், டெல்வொர்த் என்ற இரு உளவியலாளர்கள் 1987இல் எழுதிய நூலில் இதை வளர்ச்சிப் படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். மிஷேல் ஃபோரினாஷ் 2001இல் தொகுத்த இசை சிகிச்சை மேற்பார்வை நூலும் மாணவருக்கு உரியதையும் தொழிலில் இருப்பவருக்கு உரியதையும் தனித்தனியாகவே பேசுகிறது. அந்தப் படிகளில் நம் பிள்ளை ஒருத்தியை நடத்திப் பார்ப்போம். தண்டராம்பட்டு பக்கம் ஒரு காலனியில் இருந்து வந்தவள், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி, மாணவி. இந்தக் கட்டத்தில் யாரும் செய்முறைப் பட்டியலைத்தான் கேட்பார்கள். எந்த நோயாளிக்கு எந்தப் பாட்டு, எத்தனை நிமிடம்? மேற்பார்வையாளர் அவளுடன் வார்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் இது. முதலில் அவர் செய்துகாட்ட வேண்டும், பிறகு சேர்ந்து செய்ய வேண்டும், அதன்பிறகே தனியே விட வேண்டும். பயம் எல்லா மாணவருக்கும் உண்டு. நம் பிள்ளைக்கு அது இரட்டிப்பு. தப்பு செய்தால் "கோட்டாவில் வந்தது" என்பார்கள் என்ற எண்ணம் தொண்டையில் நிற்கும். அதனால் சந்தேகத்தைக் கேட்க மாட்டாள். கேட்காததைத் தெரியாமை என்று மதிப்பெண் தாளில் எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் திணறினால் நோயாளியைப் புரிந்துகொள்ளவும் தெரியாது என்று முடிவு கட்டுவார்கள்.

பக்கவாதம் வந்த ஒரு மூதாட்டி எதிரே படுத்திருக்கிறார். வகுப்பில் கொடுத்த ராகப் பட்டியலை மாணவி ஒவ்வொன்றாகப் பாடிப் பார்க்கிறாள். மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "உங்க பாட்டி உங்களைத் தூங்கவைக்க என்ன பாடுவாங்க?" என்று அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் கேட்டால் போதும், அவளுக்குள் அடைபட்டிருக்கும் தாலாட்டும் நடவுப் பாட்டும் சிகிச்சைக்குப் பயன்படும் அறிவாக வெளியே வரும். "ஸ்ருதி சுத்தமில்லை" என்று மட்டும் சொன்னால் அந்தக் கதவு அன்றே மூடிக்கொள்ளும். இத்தனைக்கும் அந்த மூதாட்டி ஆயுள் முழுவதும் கேட்டது நடவுப் பாட்டுத்தான்.

இரண்டாம் படி, வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள். சிறப்புப் பள்ளியிலோ மறுவாழ்வு மையத்திலோ அவள் ஒருத்திதான் இசை சிகிச்சையாளர். முப்பது குழந்தைகளை ஒரே அறையில் விட்டு "பாட்டு கிளாஸ் எடு" என்பார்கள். ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளைப் பாடவைக்கச் சொல்வார்கள். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையையும் மேடையேற்றச் சொல்வார்கள். "இது சிகிச்சை இல்லை, என்னால் செய்ய முடியாது" என்று நிர்வாகத்திடம் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். தொழிலில் மூத்த ஒருவர் பின்னால் நின்றால்தான் அந்தத் துணிச்சல் வரும். ஆனால் படிப்பு முடிந்த அன்றே மேற்பார்வையும் முடிந்துவிடுகிறது. தேவைப்பட்டால் சொந்தக் காசில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கும் தம்பி படிப்புக்கும் அனுப்பிவிட்டு, மீதியில் மணிக்கட்டணம் கட்டி மேற்பார்வை வாங்கு என்றால் அவள் எதை விடுவாள்?

மூன்றாம் படி, ஐந்தாறு ஆண்டு கடந்தவர்கள். இப்போது கை பழகிவிட்டது. வெளியில் இருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மனச்சோர்வு உள்ளுக்குள் சேர்வது இந்தக் காலத்தில்தான். சாதி நேருக்கு நேராக வருவதும் இங்கேதான். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த நோயாளி பாதியில் நிறுத்தி, "எந்தப் பக்கம்மா உங்க வீடு? ஊரா, காலனியா?" என்று கேட்கிறார். பதில் சொன்ன மறுநாள் "வேறு ஆளை அனுப்புங்க" என்கிறார் அவருடைய மகன். அல்லது இப்படி நடக்கிறது. குழு அமர்வுக்கு ஒருவர் பறையை எடுத்து வருகிறார். நம் தெருவில் இருந்து வந்த நோயாளி ஒருவர் அந்தச் சத்தம் கேட்டதும் நடுங்கிப்போகிறார். அவருக்கு அது விடுதலை முழக்கம் இல்லை. சாவு வீட்டு வாசலில் இரவெல்லாம் நின்று அடித்துவிட்டு, தூக்கிப்போட்ட காசைக் குனிந்து பொறுக்கிய அப்பாவின் முதுகு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கோ அதே அடி தலைநிமிர்வைத் தருகிறது. சிகிச்சையாளருக்கு என்ன ஆகிறது? அவளுக்கும் ஒரு அப்பா உண்டு. அவள் கையும் சேர்ந்து நடுங்குகிறது.

மேற்பார்வை இருப்பதே இந்தக் கணத்துக்காகத்தான். நோயாளியின் வலி எது, தன் வலி எது என்று பிரித்துப் பார்க்க இன்னொரு மனிதர் வேண்டும். "சிகிச்சை அறையில் சாதி பேசக் கூடாது, நாம் எல்லோரையும் சமமாகத்தான் பார்க்கிறோம்" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டால் அவள் மறுபடி தனி ஆள். சாதியைப் பேசாத மேற்பார்வை நடுநிலையானது என்று நினைக்கிறார்கள். அந்த நடுநிலையின் விலையை அவள் ஒருத்தி கட்டுகிறாள். சிலர் துறையை விட்டே போய்விடுகிறார்கள். "நம் பிள்ளைகள் நிலைத்து நிற்பதில்லை" என்று அதையும் அவர்கள் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள்.

நான்காம் படி, மூத்தவர்கள். இருபது ஆண்டு ஆனவருக்கு எதற்கு மேற்பார்வை என்ற கேள்வி வரும். கேள்வி கேட்க யாரும் இல்லாத மூத்தவர் தன் பழக்கத்தையே விதியாக்கிவிடுவார். அவருக்கு மேலிருந்து சொல்லித்தர ஆள் தேவையில்லை. சமமானவர்கள் நான்கைந்து பேர் கூடி ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பது போதும். அவரே மற்றவருக்கு மேற்பார்வை செய்கிறார் என்றால் அதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். நன்றாகப் பாடுகிறவரெல்லாம் நல்ல சிகிச்சையாளர் ஆகிவிடுவதில்லை. நல்ல சிகிச்சையாளரெல்லாம் நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவதும் இல்லை.

நம் ஊரில் இதற்குக் குறுக்கே நிற்பது குரு என்ற பிம்பம். இசை என்றவுடன் குரு வந்துவிடுகிறார். குருவிடம் சந்தேகம் கேட்கலாம், குருவைச் சந்தேகிக்க முடியாது. இந்த உறவில் என்னவெல்லாம் மறைந்திருக்கிறது என்பது வெளியே தெரியாமல் இல்லை. பாலியல் புகார்கள் எழுந்த பிறகு 2018 டிசம்பர் விழாவில் இருந்து ஏழு கலைஞர்களைச் சென்னை மியூசிக் அகாதமி விலக்கியது. மருத்துவமனைப் பக்கம் பார்த்தால் மும்பை நாயர் மருத்துவமனையில் மேற்படிப்பு படித்த பழங்குடிப் பெண் மருத்துவர் பாயல் தத்வி 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று மூத்த மருத்துவர்கள் மூவர் மீது வழக்குப் பதிவானது. இசை சிகிச்சை இந்த இரண்டு உலகங்களும் சந்திக்கும் இடம். குருவின் அதிகாரமும் சீனியரின் அதிகாரமும் ஒரே நாற்காலியில் வந்து உட்காரக்கூடிய இடம். அதனால்தான் மேற்பார்வைக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும் என்கிறோம்.

அதே சமயம் நம் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். "பறையே நம் மருந்து, இதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்" என்று மேடையில் முழங்கும் தோழர்கள் இருக்கிறார்கள். பறையின் பெருமையில் நமக்குச் சந்தேகம் இல்லை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் கொண்டாடினோம். ஆனால் தீயில் காய்ச்சி இறுக்கிய பறையின் ஒலி ஆட்டிசம் உள்ள குழந்தையின் காதில் இடியாக விழக்கூடும். வன்முறையில் இருந்து தப்பி வந்த பெண்ணுக்கு அது அந்த இரவைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். மேல்மலையனூர் அமாவாசை இரவில் பம்பையும் உடுக்கையும் கேட்டு ஆடியவரை, ஆட்டம் அடங்கும்வரை பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் சொந்தபந்தம் நிற்கும். வார்டில் அந்தச் சுற்றம் இல்லை. அங்கே சிகிச்சையாளர் மட்டும்தான். நம் கலைக்கும் மேற்பார்வை தேவை. மேற்பார்வைக்கும் நம் கலையைத் தெரிந்தவர்கள் தேவை.

ஒப்பாரி பாடும் நம் பெண்களைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூத்தவள் எடுத்துக் கொடுப்பாள். இளையவள் முதலில் கூடவே முனகுவாள், பிறகு ஒரு வரி எடுப்பாள், அவள் குரல் உடையும் இடத்தில் பக்கத்தில் இருப்பவள் பாட்டை வாங்கிக்கொள்வாள். அழுகையில் யாரையும் தனியே விடக் கூடாது என்ற அறிவு அதில் இருக்கிறது. அந்தப் பெண்களின் பாட்டைப் பதிவு செய்து ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறவர்கள் அந்த அறிவையும் சேர்த்துப் படிக்கட்டும்.

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. இசை சிகிச்சையைத் துணை மருத்துவத் தொழில்களின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும், மேற்பார்வை மணிநேரத்தை அதன் விதிகளில் எழுத வேண்டும். மேற்பார்வைக்கான கட்டணத்தை வேலை கொடுப்பவர் ஏற்க வேண்டும், அதற்கான நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். மதிப்பெண் போடுகிறவரும் மேற்பார்வை செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அப்போதுதான் பயமில்லாமல் பேச முடியும். ஒத்துவராத மேற்பார்வையாளரை மாற்றிக்கொள்ளவும், அவர் மேல் புகார் என்றால் வேறிடத்தில் சொல்லவும் வழி இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் பயிற்சியில் சாதி ஒரு பாடமாக இருக்க வேண்டும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பணியிடம் உருவாக்கி, பக்கத்து மாவட்டங்களில் தனியாக வேலை செய்பவர்களை மாதம் ஒருமுறை நேரிலும் இடையில் காணொளியிலும் கூட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பிள்ளைகளே மேற்பார்வையாளர்களாக வர வேண்டும். அதற்குப் பத்து ஆண்டு ஆகும். இன்று தொடங்கினால்தான் பத்தாவது ஆண்டு வரும்.

நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று, பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உடன் நின்றன. அது வரலாற்று நாள். ஆனால் அந்த வாசலைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் மறுநாள் காலை என்று ஒன்று இருந்தது. போலீஸ் வண்டி கிளம்பிப் போன பிறகு அதே தெருவில் நடந்து, அதே கடையில் பொருள் வாங்கி, அதே நிலத்தில் வேலை கேட்டு வாழ வேண்டிய காலை அது.

படிப்பிலும் அப்படித்தான். இடஒதுக்கீட்டால் ஒரு நாள் உள்ளே போகிறோம். மறுநாளில் இருந்து, முதல் நோயாளி முன் நாக்கு வறண்டுபோகும்போதும், ஐந்தாம் ஆண்டில் அப்பாவின் பறை காதில் கேட்கும்போதும், இருபதாம் ஆண்டில் தன் தவறு தனக்கே தெரியாமல் போகும்போதும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவரைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை தோழர்களே. சம்பளத்தைப் போல, விடுப்பைப் போல, அதையும் உரிமையாகக் கேட்போம்.

ஜெய்பீம்.